இடது தோளுக்கு நான் கொடுத்த சான்றிதழ்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதனைகளை எழுதச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. என் சாதனைகளையெல்லாம் ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதிய செய்தியாக இருந்தது. ஆகவே சொந்தமாக நானே செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அதில் யாரும் பங்கு கேட்டு வர மாட்டார்கள்.

மலை மேல் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். நீங்கள் எத்தனை வருஷம் படித்திருந்தாலும் சரி, கொடைக்கானலில் உங்கள் பெயர் ‘கரண்டு வைக்கிற அம்மா’ அல்லது ‘கரண்டு வைக்கிற சார்’. முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு நானே போனில் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஓய்வு பெற்ற மறு மாதமே ரக்பி வந்து சேர்ந்தது.

ஏரிப் பக்கம் தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர், டிவியில் ரக்பி பார்த்துவிட்டு, நம் ஊருக்கும் ஒரு கிளப் வேண்டும் என்று முடிவு செய்தார். அவரே செயலாளர். தலைவர், பொருளாளர் எல்லாரும் அவருடைய சொந்தக்காரர்கள். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருந்தது. மேல்மலையில் உள்ள பூண்டி கிராமத்தில் வெள்ளைப்பூண்டு அறுவடை நடக்கும்போது ஒரு நாள் காரில் போயிருக்கிறார். சரிவுத் தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் ரோடு வரைக்கும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறுகிற ஆட்களைப் பார்த்தவர், அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டார். என்னிடம் வந்து, “ரெடிமேட் ப்ளேயர்ஸ் மேடம். ஜிம்முக்கே அனுப்ப வேண்டாம்” என்றார். அப்படி ஆறு பேர் பூண்டியிலிருந்து சேர்ந்தார்கள். கோச் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மலைக்கு வந்த நாளிலிருந்து மப்ளரைக் கழற்றாத மனிதர்.

எனக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் ‘மெடிக்கல் டீம்’ என்று அச்சடித்திருந்தது. டீம் என்றால் நான்தான். கூடவே விடுதிச் சமையலறையிலிருந்து இரவல் வந்த ஒரு ஐஸ் பெட்டி. அதைத் திறந்தால் முந்தின வாரத்து மீன் மணக்கும். அடிபட்டவன் வலியை மறந்து மூக்கைப் பிடித்துக்கொள்வான் என்ற வகையில் அது நல்ல முதலுதவிதான்.

இனி தோளுக்கு வருகிறேன். ரக்பியில் தோள் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவன் விழும்போது கையை ஊன்ற முடியாது. தோள் முனை நேரே தரையில் மோதி, காறை எலும்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைக்கக் கையை நீட்டிப் பாய்கிறவன் மேல் இரண்டு பேர் விழுவார்கள். ஆனால் நான் பார்த்தவற்றில் மோசமானது, ஓடி வருகிறவனை மறித்துச் சாய்க்கும்போது, அதாவது டேக்கிளில், வருவதுதான். முறைப்படி செய்தால், தோளை முதலில் கொண்டுபோய் அவன் இடுப்பில் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் இரண்டு கையாலும் கட்ட வேண்டும். தோள் போகாமல் கை மட்டும் நீண்டு போனால், ஓடுகிறவனுடைய மொத்த வேகமும் அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். உடம்பு இங்கே, கை அங்கே. நடுவில் இருக்கிற மூட்டு என்ன செய்யும்? உருண்டை குழியை விட்டு முன்பக்கமாக நழுவிவிடும்.

முதல் வருஷத்திலேயே எங்கள் அணியில் மூன்று பேருக்குத் தோள் போயிற்று. மூன்று பேரும் பூண்டிக்காரர்கள். மூன்றும் இடது தோள்.

கமிட்டி கூடியது. இடது தோள் மட்டும் ஏன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கோச், குளிர் என்றார். குளிர் இடது பக்கம் மட்டும் அடிக்குமா என்று கேட்டதற்கு, காற்று ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறது என்றார். செயலாளர் வாஸ்து பார்க்கிற ஒருவரை அழைத்து வந்து கோல் கம்பங்களைக் காட்டினார். அவர் தெற்குக் கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நடச் சொன்னார். நட்டும் விட்டார்கள். பொருளாளர் தோளில் பஞ்சு வைத்த ஜாக்கெட்டுகளை வரவழைத்தார். அவற்றைப் போட்டுக்கொண்டு பூண்டிக்காரர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். மூட்டை உறுத்தாமல் இருந்ததாம்.

நான் இவர்களையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். படித்தவள் நான் ஒருத்திதானே? எல்லாருடைய தோளையும் கருவி வைத்து அளந்தேன். பூண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இடது தோள், வலதை விட வலு குறைவு. சார்ட் பேப்பரில் இரண்டு வண்ணத்தில் கோடு போட்டு, கமிட்டி முன்னால் அரை மணி நேரம் பேசினேன். இடது பலவீனம், அதைப் பலப்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்றேன். கைதட்டினார்கள். எனக்கும் வாஸ்துக்காரருக்கும் ஒரே மாதிரி சால்வைதான் போட்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று பேரில் ஒருவர் தண்டபாணி. இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. குத்தகைக்குப் பிடித்த துண்டு நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுவார். அதிகம் பேச மாட்டார். ஆனால் களத்தில் அவர் பந்தோடு கிளம்பினால் எதிரணியினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் பழனியில் நடக்கப்போகிற போட்டிக்கு, ஒரு அரசுத் துறையிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்க அதிகாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. அவருடைய வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. “வெளஞ்சு வந்தா வெள்ளம் வருது, வெள்ளம் வராட்டி காட்டுப்பன்னி வருதுங்க. ஒரு சம்பளம்னு இருந்தா நல்லது” என்றார் என்னிடம். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நான்கு மாதம் அவரைப் படாதபாடு படுத்தினேன். காலையில் வெள்ளனே பஸ் பிடித்து வருவார். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வைத்தேன், சுவரில் கையூன்றித் தள்ள வைத்தேன். கடைசியில் கருவி வைத்து அளந்தபோது, இடதும் வலதும் ஒரே எண்ணைக் காட்டின. நான் அந்தக் கருவியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். உடல்தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, செயலாளர் கேட்டதற்காக அதைப் பிடித்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அது அன்று சாயங்காலமே கிளப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. ‘சிங்கம் திரும்பியது’ என்று தலைப்பு. சிங்கத்தின் பக்கத்தில் நான் சான்றிதழோடு நின்றிருந்தேன்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வரச் சொல்லியிருந்த தேதியில் தண்டபாணி வரவில்லை. போன் எடுக்கவில்லை. அறுவடைக் காலம். எனக்குக் கோபம். மன்னவனூர் பஸ்ஸைப் பிடித்து மாறிப் பூண்டிக்கே போய் இறங்கிவிட்டேன்.

அவருடைய மனைவி செல்வி பூண்டுத் தாளை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். குழந்தை குவியலில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் செல்வி எழுந்து, “சோலி நெருக்கமா கெடக்குங்கம்மா, அதான் வர முடியல. இப்ப ஏறி வந்துருவாக” என்று சாக்கை விரித்து உட்கார வைத்து, டம்ளரில் டீ கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் சரிவுப் பாதை முழுக்கத் தெரிந்தது. மலையை வெட்டிப் போட்ட ஒற்றையடிப் பாதை. மூட்டையோடு எட்டு ஒன்பது பேர் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தண்டபாணி மூன்றாவது ஆள்.

எல்லார் மூட்டையும் வலது தோளில் இருந்தது. நான் செல்வியிடம் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், இடது தோளுக்கு மாற்றிக்கொள்ளவே மாட்டார்களா என்று.

“மாத்த முடியாதுங்கம்மா. ஏறுறப்ப மேடு எடது பக்கந்தான இருக்கு. அந்தத் தோள்ல வச்சா மூட்ட மேட்டுல ஒரசி ஆளப் பள்ளத்துல தள்ளிரும். எறங்குறப்ப வெறுந்தோளு. எங்க மாமனாரும் இப்படித்தான், இவுகளும் இப்படித்தான்.”

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தண்டபாணி மேலே வந்து மூட்டையை இறக்கியதும், அதை நிமிர்த்தி நிறுத்தச் சொன்னேன். இதுதான் எதிராளி, பத்தடி தள்ளிப் போய் ஓடி வந்து இடது தோளால் முட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் போய் நின்று ஓடி வந்தார். கடைசி ஒரு எட்டில் உடம்பு தானாகவே திரும்பி, வலது தோள் போய் மூட்டையில் மோதியது. இடது கை பின்னால் தனியாக வீசிக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை ஓடச் சொன்னேன். அதேதான். மூன்றாவது தடவை இடது தோள்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். வலது தோள்தான் மோதியது. வரிசையில் வந்த மற்ற ஐந்து ஆட்டக்காரர்களையும் ஓட வைத்தேன். ஒருவராவது இடது தோளைக் கொடுக்க வேண்டுமே! பூண்டு மூட்டையை முட்டித் தள்ளும் ஆறு ஆண்களைப் பார்த்து செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து எடை என்றால் வலது தோள் என்று பழகின உடம்பு. இடது பக்கமாக ஒருவன் ஓடி வந்தாலும் அது வலது தோளைத்தான் கொண்டுபோகப் பார்க்கும். அதற்குள் அவன் தாண்டிவிடுவான். மிஞ்சுவது நீட்டிய இடது கை மட்டும். நான் நான்கு மாதம் அந்தத் தோளைப் பலப்படுத்தியிருந்தேன். அதை முன்னால் கொண்டுவர அவருக்குத் தெரியவே தெரியாது என்பதைப் பார்க்கவில்லை. நோயாளி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால், அங்கே தெரிகிற உடம்பை மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன். அந்த உடம்பு மீதி நாளெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இதைப் பழக்கி மாற்ற இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். கையில் இருந்தது நான்கு நாள்.

அன்றே சான்றிதழைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், செயலாளருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மேடம், போஸ்டர் ஒட்டியாச்சு. இப்ப போய்ப் பூண்டு மூட்டைன்னா சீஃப் கெஸ்ட் சிரிப்பார்” என்றார். கோச்சிடம் சொன்னேன். அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு, இடது ஓரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன், அவருடைய இடது பக்கம் யாரையும் விடமாட்டோம் என்றார். எதிரணி நம்மைக் கேட்டுவிட்டு ஓடி வருவது போலப் பேசினார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதை இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். கைதட்டு வாங்கின சார்ட் பேப்பரைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழனிப் போட்டியைப் பற்றிக் கேளுங்கள். காலையில் ஆட்டம். அதற்கு முன்னால் அணி முழுவதும் மலைப்படி ஏறி முருகனைக் கும்பிட்டு வர வேண்டும் என்று கமிட்டி தீர்மானம். ரோப் காரில் போனால் வேண்டுதல் பலிக்காது என்று தலைவர் சொன்னதால், நடந்தே. தலைவரும் கமிட்டியும் ரோப் காரில் வந்து மேலே காத்திருந்தார்கள். கோச்சுக்குச் சொல்லாமல் நான்கு பேர் மொட்டை போட்டுச் சந்தனமும் பூசிக்கொண்டார்கள். இறங்கி மைதானத்துக்கு வந்தபோது அவருக்கு யார் எந்த இடத்து ஆட்டக்காரர் என்றே பிடிபடவில்லை. மலைக் குளிரில் வளர்ந்தவர்கள் கீழே வெயிலில் வாடிப்போனார்கள். பாதி ஆட்டத்தில் கொடுக்க சென்னையிலிருந்து வரவழைத்த சத்துப் பாக்கெட்டுகள் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டன. ஆளுக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார் பொருளாளர். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

பந்தல் நிழலில் இரண்டு அதிகாரிகள் கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள். தண்டபாணி முதல் பாதியில் அற்புதமாக ஆடினார். அதிகாரிகளில் மூத்தவர் இரண்டு தடவை தலையாட்டி எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். செல்வியும் பார்த்தார். குழந்தையோடு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தார்.

பாதி ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் தண்டபாணியின் இடது பக்கமாக வெட்டி ஓடினான். மூட்டையை நோக்கி ஓடினபோது பார்த்த அதே கடைசி எட்டு. உடம்பு திரும்பியது, கை பின்னால் போயிற்று. அவன் விழுந்தான், கூட்டம் கத்தியது. தண்டபாணி எழுந்து, இடது முழங்கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி நின்றார். பிறகு கையை உதறிவிட்டு ஓடினார்.

விசில் அடித்ததும் நான் போனேன். “ஒன்னுமில்லங்க, வலிக்கல” என்றார். அவர் சொன்னது உண்மை. லேசாக நழுவித் தானாகவே உள்ளே போய்விட்ட தோள் அந்தச் சூட்டில் அவ்வளவாக வலிக்காது. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். கண் ஒரு கணம் விரிந்து, அவருடைய மற்ற கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை அவரே உணர்ந்து உடனே விட்டார். தோள் மறுபடி போகப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

சுற்றி ஆறு பேர் நின்றார்கள். கோச் பட்டை சுற்றி அனுப்பலாம் என்றார். செயலாளர் பத்து நிமிஷம் ஆடினால் போதும், அதிகாரி இன்னும் இரண்டு டேக்கிள் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். தலைவர் விபூதி வைத்தார். தண்டபாணி யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

“அம்மா, இன்னைக்கு ஒரு நா. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி கேக்குறேன்.”

இன்னொரு தடவை முழுசாக நழுவினால் குழியின் விளிம்பு உடையலாம், நரம்பு இழுபடலாம். அப்புறம் வேலையும் இல்லை, மூட்டையும் இல்லை. இடது கையால் குழந்தையைத் தூக்குவதே கஷ்டமாகிவிடும். நான் ஆட வேண்டாம் என்றேன். செயலாளர் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்தார். மறுபடி வேண்டாம் என்றேன். அவரைத் தடுத்தது சரிதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு அடுத்த நிமிஷம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மூத்த அதிகாரி கோப்போடு எழுந்து வந்தார். என் சான்றிதழை எடுத்துக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே, முழுத் தகுதி என்று எழுதியிருக்கிறீர்களே, இப்போது எப்படி இல்லை என்கிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்டார். நேரான கேள்வி. நேரான பதில் ஒன்று என்னிடம் இருந்தது: நான் தப்பாக அளந்தேன், இவர் மேல் குற்றமில்லை, மூன்று மாதம் பழக்கினால் சரியாகிவிடும். கமிட்டி பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் மெடிக்கல் டீம் என்று எழுதியிருந்தது.

“இவருக்குத் தோளில் இன்னும் தொந்தரவு இருந்திருக்கிறது சார். என்னிடம் சொல்லவில்லை” என்றேன்.

அதிகாரி தண்டபாணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதினார். தண்டபாணி நாலடி தள்ளிதான் நின்றிருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, செல்வியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவருக்குப் பதிலாகச் செயலாளருடைய அக்கா மகன் இறங்கினான். வாழ்நாளில் ஒரு மூட்டையைத் தொட்டிராத பையன், விடுதி வரவேற்பில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறவன். இரண்டு தோளும் அவனுக்கு ஒன்றுதான். இடமிருந்து வந்தவனை இடது தோளாலும், வலமிருந்து வந்தவனை வலது தோளாலும் புத்தகத்தில் போட்ட படம் போலச் சாய்த்தான். அதிகாரிகள் அவனை எடுத்துக்கொண்டார்கள். உத்தரவு வந்த அன்று செயலாளர் என் வீட்டுக்கு இனிப்போடு வந்து, “உங்களாலதான் மேடம்” என்றார். அவர் கேலி செய்யவில்லை. நன்றியோடுதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. அந்த டப்பாவை நான் திறக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, மறுபரிசோதனைக்கு நான் சொல்லி அனுப்பியிருந்த தேதியில், தண்டபாணி வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. தோளைப் பார்த்தேன். மூட்டு அமைதியாக இருந்தது, முகத்தில் பயம் இல்லை. தோள் நன்றாக இருக்கிறது என்றேன்.

“நல்லாத்தாங்க இருக்கு. அதத் தூக்கிட்டு எங்க போறதுன்னுதான் தெரியல.”

அன்று ஆட வேண்டாம் என்று சொன்னது ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது சரிங்க. தடுத்தது தப்பில்ல. நான் மறைச்சேன்னு சொன்னீங்கள்ல, அதான். நம்ம ஊர்ல எல்லாரும் கேக்குறாக, கவர்மென்ட்டையே ஏமாத்தப் பாத்தியாடான்னு. கிரவுண்ட்ல வச்சே தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு நானே கூசிப்போன நாட்கள் பணியில் உண்டு, ஆனால் அந்த நாளைப் போல இல்லை.

அந்தத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுத இரண்டு நாள் ஆயிற்று. பதில் என்ன என்று கேட்பீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்துவிட்டது, வயது இடம் கொடுத்தால் அடுத்த முறை கலந்துகொள்ளலாம் என்று இரண்டு வரி வந்தது. வயது இடம் கொடுக்கவில்லை. தண்டபாணி பூண்டியில்தான் இருக்கிறார். அணியில் எல்லாருக்கும் இடது தோளால் முட்டும் பயிற்சியை இப்போது முதல் நாளிலேயே கொடுக்கிறார்கள், வலது கையை இடுப்பில் சொருகிக்கொண்டு. செயலாளர் அதற்குத் தன் பெயரை வைத்திருக்கிறார்.

கடிதத்தைத் தபாலில் போடும் முன்னால் பூண்டிக்கு எடுத்துப் போனேன். தோட்டத்து வரப்பில் நின்றபடியே தண்டபாணிக்கும் செல்விக்கும் படித்துக் காட்டினேன். முதல் பத்தியில் என் படிப்பு, என் அனுபவம். இரண்டாவதில் தோள் மூட்டின் அமைப்பு. மூன்றாவதில் மூட்டையும் பாதையும், அளவிட்டதில் எனக்கு ஏற்பட்ட பிழை. கடைசிப் பத்தியின் கடைசி வரி: ‘மேற்படி தண்டபாணி என்னிடம் எதையும் மறைக்கவில்லை.’

செல்வி மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். தண்டபாணி கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“எல்லாஞ் சரிதாங்க. அந்தக் கடைசி வரிய மொதல்ல போட்ருங்க. ஆபீஸ்ல முழுசா யாரு படிக்கப் போறாக?”

பையிலிருந்து வேறு தாள் எடுத்து, அங்கேயே ஒரு மூட்டை மேல் வைத்து, அந்த வரியில் ஆரம்பித்துத் திரும்ப எழுதினேன்.